ஒல்லியனின் வேகம்

பாரக்கோவா
18 ஜனவரி 2015

அன்புள்ள ஒனெய்டா அக்காவுக்கு,

தம்பி ரெய்னியேர் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மழை வரும்போது மட்டும் முனகுகிறது. நீயும் நிவால்தோ அத்தானும் ஹவானாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேருந்து ஓட்டும் எவெலியோ இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவும் ஓலையில் சுற்றிய தேங்காய் இனிப்பு நான்கும் கொண்டுவருவார். இனிப்பு மூன்றுதான் வந்து சேர்ந்தால் ஆச்சரியப்படாதே, மலைப்பாதை நீளமானது, அவருக்கும் பசிக்கும்.

பென்டிரைவில் இருப்பது என் விளையாட்டு, கணினியிலும் கைபேசியிலும் ஆடலாம். முடித்துவிட்டேன் அக்கா! பள்ளியில் வேதியியல் பாடம் நடத்திவிட்டு வந்து, கரண்ட் இருந்த நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, நாலு வருடத்தில் முடித்தேன். கதாநாயகன் ஒரு ஹைட்ரஜன் அணு. ஒல்லிப் பயல். தனிம அட்டவணைதான் அவன் ஓடும் பாதை. ஹீலியம் அவனைத் தூக்கிவிடும். சோடியம் வந்தால் தாண்டிக் குதிக்க வேண்டும், கால் பட்டால் வெடித்துவிடும். இரும்பு இழுக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தத் தனிமத்தைப் பற்றி ஒரு பலகை எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டத்துக்கு முடிவே கிடையாது, அவன் சாகும்வரை ஓடலாம்.

உன் கடைக்கு வாராவாரம் சினிமா, தொடர், பாட்டு எல்லாம் அடங்கிய தொகுப்பைக் கொடுக்கிறாரே ஓர்லே, அவரிடம் பேசிவிட்டேன். இணையம் எட்டாத நம் நாட்டில் அவர் தொகுப்பில் இருந்தால் நாடு முழுக்கப் போகும், இல்லையென்றால் என் மேசையோடு நின்றுவிடும். ஜூன் கடைசிவரை இடம் தருகிறாராம். ஆட்கள் கேட்டு வாங்கினால் நிரந்தரம். கேட்காவிட்டால் அழித்துவிடுவாராம். அப்படி அழித்தால் நான் கணினியை விற்றுவிட்டு விளையாட்டு செய்யும் பேச்சையே விட்டுவிடுவேன். இதை நான் சும்மா சொல்லவில்லை.

உன் கடைக்குத் தொகுப்பை நகல் எடுக்க வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுது. சர்க்கரை போடாமல் எழுது.

அம்மாவின் முத்தங்களோடு,
ரெய்னியேர்


லுயானோ, ஹவானா
9 பிப்ரவரி

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனிப்பு இரண்டு கிடைத்தது. இங்கே எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, அத்தானுக்குத் தொப்பை நம்மைவிட நன்றாக இருக்கிறது.

சர்க்கரை போடாதே என்று நீதான் சொன்னாய், பிறகு என்னைத் திட்டாதே.

எதிர்க் கடையில் முடி வெட்டும் பாஸிலியோ: "யாரு பண்ணினது இதை? கண்ணைச் சிமிட்டினா செத்துப்போறான் அந்த ஒல்லியன். இது விளையாட்டா, தண்டனையா?"

மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் தாமாரிஸ்: "லித்தியம்னு ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள என் கதை முடிஞ்சுபோச்சு."

செர்ரோ பக்கத்திலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பையன்: "பலகையில என்னமோ எழுதியிருக்குங்க. படிக்கலாம்னு பார்த்தா அது ஓடிப்போயிடுது. உங்க தம்பி யார் மேல கோவமா இருக்காரு?"

உன் அத்தான்: "இதை உன் தம்பி பண்ணினானா, இல்ல பஸ் ஓட்டுற எவெலியோ பண்ணினானா?"

நானும் தொட்டுப் பார்த்தேன். ஹீலியத்தில் போய்ச் சேர்ந்தேன். இதெல்லாம் எனக்கு எங்கே வரும்! மனதைத் தளரவிடாதே. அம்மாவுக்கு முழங்காலில் தைலம் தேய்த்துவிடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
ஒனெய்டா


பாரக்கோவா
20 பிப்ரவரி

அக்கா,

நாங்கள் சுகம். அங்கே சுகமா? சரி, இப்போது தலையில் கைவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் அனுப்பியது தவறான பதிப்பு. இங்கே சாயங்காலம் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது. போவதற்குள் தங்கம், ஈயம் என்று தூரத்துக் கட்டங்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று நான் பார்த்தாக வேண்டும். அதற்காக ஒல்லியனின் வேகத்தை மூன்று மடங்காக்கி, அவனைச் சாகவிடாமல் செய்து ஓட்டிப் பார்ப்பேன். அனுப்பும் அன்று சாகும் வழியைத் திரும்ப வைத்தேன், வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். கரண்ட் போகப் போகிறது என்ற பதற்றம்தான், வேறென்ன!

ஹவானா முழுக்க மனிதன் ஆட முடியாத ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறது. என் பலகைகளை ஒருவர்கூடப் படிக்கவில்லை. அறிவியல் சொல்லித் தரத்தானே இதைச் செய்தேன்!

சரியான பதிப்பை எவெலியோவிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாரமே ஓர்லேயிடம் கொடுத்து மாற்றச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

அவசரத்தில்,
ரெய்னியேர்


லுயானோ
22 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. என் வலது கட்டைவிரலில் சின்னக் கட்டு, பேனா பிடிக்க வரவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய பென்டிரைவ் பத்திரமாக வந்து சேர்ந்தது. பத்திரமாகவும் இருக்கிறது.

இப்போது கேள். பாஸிலியோ பாதித் தலையை வெட்டிவிட்டு மீதித் தலையைக் காக்க வைக்கிறார். "கொஞ்சம் இருய்யா, ஆக்சிஜன் வரைக்கும் வந்துட்டேன், இப்ப விட்டா திரும்ப வராது!" என்று கத்துகிறார். காத்திருக்கிறவனும் எட்டிப் பார்த்து, "குனிய வேண்டியது ஃபுளோரின்லய்யா, இங்க இல்ல" என்கிறான்.

தாமாரிஸ் நேற்று வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தாள்: "நியான் தொட்டுட்டேன்! நியான்ல நின்னா எவனும் நம்மகிட்ட வர மாட்டான், நிம்மதியா மூச்சு விடலாம். எங்க வார்டுல அப்படி ஒரு இடம் இல்லியே!"

போன வாரம் ஒல்லியனைக் கேட்டு வந்தவர்கள் சினிமா கேட்டு வந்தவர்களைவிட அதிகம். ஓர்லேயிடம் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டே அதுதான்.

அத்தான் சாப்பாட்டைப் பற்றிப் புகார் எழுதச் சொல்கிறார். கறுப்பு பீன்ஸ் ஒருநாள் அடிப்பிடித்தது. சரி, நாலு நாள்.

அன்புடன்,
ஒனெய்டா


பாரக்கோவா
3 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

அம்மாவும் நானும் நலம். உன் விரலுக்கு என்ன ஆயிற்று? கத்தியா, கதவா?

உன் கடிதத்தைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஆக்சிஜனைத் தாண்டுவதற்கு ஒருவர் கத்துகிறார், நியானைத் தொட்டதற்கு ஒருத்தி கூவுகிறாள். சரியான பதிப்பில் அம்மா ஒரு கையால் பட்டாணி உரித்துக்கொண்டே நியானைத் தாண்டினாள் அக்கா! ஹவானாக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? பேருந்துக்குக் காத்து நின்று நின்று விரலும் மரத்துப்போய்விட்டதா?

தலைநகரத்துக்கு இதுவே வேகம் அதிகம் போலிருக்கிறது. இன்னும் குறைத்திருக்கிறேன். பலகையைப் படிக்க நிறைய நேரம் கிடைக்கும். மூன்றாவது பென்டிரைவ் இதோடு வருகிறது. ஓர்லேயிடம் கொடு.

இனிப்பும் வருகிறது. இந்த முறை எவெலியோவுக்கென்று தனியாகவே ஒன்று கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
ரெய்னியேர்


லுயானோ
30 ஏப்ரல்

தம்பிக்கு,

நலம், உங்கள் நலம் எழுது. பென்டிரைவ் வந்தது. முந்தையதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இனிப்பு நான்கும் வந்தன, எவெலியோ வாழ்க.

செர்ரோ பையன் வெள்ளிவரை போய்விட்டானாம். லுயானோவில் யாரோ ஒரு பெண்மணி அயோடினைத் தாண்டிவிட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். யார் என்று கேட்காதே, எனக்குக் கடையில் வேலை இருக்கிறது. விரல் ஆறிவிட்டது. அது கத்தியும் இல்லை, கதவும் இல்லை.

அம்மாவுக்கு முத்தம்.
ஒனெய்டா


பாரக்கோவா
16 மே

ஒனெய்டா,

என் மாணவி ஒருத்தியின் சித்தப்பா ஹவானாவிலிருந்து இந்த வாரத் தொகுப்பைக் கொண்டுவந்தார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்த்தேன். அதே பைத்தியக்கார வேகம். ஜனவரியில் அனுப்பியதே! இரண்டு முறை திருத்தி அனுப்பினேன், "பத்திரமாக இருக்கிறது" என்று எழுதினாய். எங்கே பத்திரமாக இருக்கிறது? உன் அலமாரியிலா?

நான் உன்னிடம் வேறு எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டேன்.

ஓர்லேக்கு நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மெதுவான பதிப்பை வேறு ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். ஜூன் முதல் தேதித் தொகுப்பில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ரெய்னியேர்


லுயானோ
24 மே

என் தம்பிக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை. நான் விசாரிக்கிறேன். அம்மா எப்படி இருக்கிறாள்? கோபத்தில் உனக்கு வயிறு எரியுமே, பால் குடி.

ஆமாம், இரண்டும் என் அலமாரியில்தான் இருக்கின்றன, சோற்றுப் பானைக்குப் பின்னால். உன்னிடம் சொல்லாமல் வைத்தது பிசகு. கொடுக்காமல் வைத்தது பிசகு இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் கட்டைவிரலையும் பீன்ஸையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அயோடினைத் தாண்டிய அந்தப் பெண்மணி நான்தான்.

சிரி. பத்தாம் வகுப்பில் வேதியியலில் தோற்று, "உன் தலையில் இது ஏறாது" என்று வாத்தியார் எல்லோர் முன்னாலும் சொன்னதும் பள்ளியைவிட்டு வந்தவள் நான். நீ அப்போது சின்னப் பிள்ளை. அதற்குப் பிறகு அந்த அட்டவணையைப் பார்த்தாலே எனக்கு முகம் சுடும். உன் விளையாட்டையும் கடமைக்குத்தான் தொட்டேன். ஹீலியத்தில் செத்தேன், கோபம் வந்தது, மறுபடி தொட்டேன்.

அந்த வேகத்தில் கண் உதவாது தம்பி. கட்டம் கண்ணில் பட்டபிறகு குதித்தால் காலம் கடந்துவிடும். அது வருவதற்கு முன்னாலேயே என்ன வரும் என்று மனதில் இருக்க வேண்டும். அதனால் அட்டவணையை எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். விரலில் ஏன் கட்டு, பீன்ஸ் ஏன் தீய்ந்தது என்று இப்போது புரிகிறதா?

ஒருநாள் ஆடும்போது திடுக்கென்றது. சோடியத்தில் குதிக்கிறோம், பொட்டாசியத்திலும் குதிக்கிறோம். ஃபுளோரினில் குனிகிறோம், குளோரினிலும் குனிகிறோம். நியானில் ஓய்வு, ஆர்கானிலும் ஓய்வு. எட்டு எட்டாக அதே குணம் திரும்பி வருகிறதே! எல்லாம் குடும்பம் குடும்பமாக இருக்கிறதே! அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அதுக்கென்ன இப்போ, சோறு வடிச்சாச்சா?" என்றார். நான் அடுப்படியில் நின்று கூத்தாடினேன். இது உன் பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கும், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். உன் ஒல்லியன் ஆயிரம் தடவை செத்து எனக்குக் காட்டினான்.

மெதுவான பதிப்பையும் ஆடிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. பலகையெல்லாம் படித்தேன், ஆட்டத்தை மூடியதும் மறந்துவிட்டேன். பார்த்துப் பார்த்துக் குதிக்கலாம், எதையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாஸிலியோவைக் கேட்டுப்பார், இரும்புக்கு அடுத்தது கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று கத்தரிக்கோல் சத்தத்தோடு சொல்வார். இது உன் தவறால் நடந்ததுதான், இருக்கட்டுமே! ஓர்லேயிடம் வேண்டாம் என்று சொல்.

உன்மேல் பெருமை கொண்ட,
ஒனெய்டா


லுயானோ
8 ஜூன்

ரெய்னியேர்,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எவெலியோவைக் கேட்டேன், "நல்லாத்தான் இருக்காரு, மூஞ்சிதான் புளிச்ச பால் மாதிரி இருக்கு" என்றார்.

மெதுவான பதிப்பு வெளியே போய் ஒரு வாரம் ஆகிறது. அபிப்பிராயம் கேட்டாயே, எழுதுகிறேன்.

பாஸிலியோ: "ஒரு தலையை முழுசா வெட்டிட்டு வந்து பார்க்கிறேன், இன்னும் போரான்லயே நிக்கிறான். பாரக்கோவாவுல இருந்து நடந்தே வர்றானா?"

தாமாரிஸ்: "ஒல்லியனுக்கு என்ன ஆச்சு? நோயாளி மாதிரி நடக்கிறான். எங்க வார்டுல சேர்த்துடவா?"

செர்ரோ பையன் நேராக உள்ளே வந்தான். அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சினிமா போடச் சொன்னான். தம்பி, எனக்கு அதுதான் வலித்தது.

பழையது இருக்கிறதா என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். ஓர்லேயும் வந்தார். "இப்படியே போனா மாசக் கடைசியில தூக்கிடுவேன். பழசைப் போட்டா நிக்கும். ஆனா செஞ்சவன் சொல்லாம நான் மாத்த மாட்டேன்" என்றார். என் கையில் பழையது இருக்கிறது. கொடுக்க ஒரு நிமிடம் போதும். கொடுக்கவில்லை. ஒருமுறை உன் முதுகுக்குப் பின்னால் செய்தேன், இரண்டாவது முறை செய்யமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும்,
ஒனெய்டா


பாரக்கோவா
14 ஜூன்

என் அன்பு அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நலம். புளித்த பாலும் நலம் என்று எவெலியோவிடம் சொல்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு வீம்புக்குத்தான் பதில் எழுதவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். நிரூபிப்பதற்காக என் வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதிக்கு மெதுவான பதிப்பு, மறு பாதிக்கு உன் பைத்தியக்காரப் பதிப்பு.

மெதுவாக ஆடியவர்கள் பலகைகளைப் படித்தார்கள், கொட்டாவி விட்டார்கள், மறுநாள் கேட்டால் முழித்தார்கள். மற்ற பாதி என் சுவரில் இருக்கும் அட்டவணைக்கு முன்னால் நின்று சண்டை போட்டது! "ஆர்கானுக்கு அப்புறம் பொட்டாசியம்டி, குதிக்கணும்!" "கால்சியம்டா மண்டு!" என்று இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். நான் அந்த அட்டவணையை மாட்டிய நாளிலிருந்து ஒருவர்கூட அதன்முன் நின்றதில்லை அக்கா. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே போகவே மனம் வரவில்லை.

எட்டு எட்டாக வருகிறது என்று நீ எழுதிய இடத்தை அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் தாளை அம்மாவிடம் நீட்டிவிட்டேன். மீதியை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தாள். உன்னிடம் அப்படிச் சொன்ன வாத்தியார் ஒரு முட்டாள். அதை ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன்.

ஓர்லேக்குச் சொல்லிவிட்டேன். பழைய வேகத்தையே போடுவார், உன் கையில் இருப்பதை அவரிடம் கொடு. இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது, போதுமா தெரியவில்லை. தேர்வு நேரம், என்னால் வர முடியாது. நீ பார்த்துக்கொள்.

உன் மாணவன்,
ரெய்னியேர்


லுயானோ
29 ஜூன்

வெற்றி பெற்ற என் தம்பிக்கு,

முதலில் அம்மாவை உட்கார வை, பிறகு படி. நாங்கள் எல்லோரும் நலம், என் தொண்டையைத் தவிர.

இரண்டு வாரம் போதுமா என்று கேட்டாயே. பழைய வேகம் திரும்பி வந்த அன்று என் வாசலில் வரிசை தெருமுனைவரை போனது. ஓர்லே பார்த்துவிட்டு, "இதை எல்லாரும் பார்க்கட்டும்" என்று நேற்று ஞாயிறு மாலை போட்டி வைத்தார். பாஸிலியோ தன் கடை நாற்காலியைத் தெருவில் இழுத்துப் போட்டு அதன்மேல் தொலைக்காட்சிப் பெட்டியை ஏற்றினார். சனம் என்றால் சனம்! பாதிப் பேர் கையில் பிள்ளைகளின் புத்தகத்திலிருந்து கிழித்த அட்டவணை. தலைமையாசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும்.

தாமாரிஸ் துத்தநாகத்தில் விழுந்தாள். "ராத்திரி டியூட்டி பார்த்துட்டு வந்தவகிட்ட இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க!" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். செர்ரோ பையன் தங்கம்வரை போனான், பாதரசத்தில் வழுக்கினான். கடைசியாக என்னைத் தள்ளிவிட்டார்கள். அத்தான் காதில் சொன்னார்: "பீன்ஸை நான் பார்த்துக்கறேன். நீ ஓடு."

ஓடினேன். இரும்பு தாண்டியதும் யாரோ ஒருவர் அடுத்த பெயரைக் கத்தினார். அப்புறம் பத்துப் பேர். அப்புறம் தெருவே. நான் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே பெயர் காற்றில் வந்தது. வெள்ளி! காட்மியம்! இண்டியம்! பல்லில்லாத கிழவரும் கத்துகிறார், போலீஸ்காரரும் கத்துகிறார். தங்கத்தில் மூச்சு வாங்கினேன், பாதரசத்தில் நடுங்கினேன், ஈயம் காலைப் பிடித்தது. ரேடான், ஃபிரான்சியம், ரேடியம். யாரும் போகாத இடம். யுரேனியம்!

கையில் அட்டவணை வைத்திருந்தவர்கள் எல்லோரும், "நெப்டியூனியம்!" என்று கத்தினார்கள்.

வரவில்லை. பாதை காலியாக இருந்தது, இருட்டாக இருந்தது. அவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கும் அடுத்தது தெரியாது. உன்னைப் பெயர் சொல்லித் திட்டினேன், எல்லோருக்கும் கேட்டது. குதிப்பதா, குனிவதா? ஒன்றும் செய்யாமல் ஓடினேன். அப்போது தூரத்தில் ஒரே ஒரு ஒல்லிக் கட்டம் தெரிந்தது.

"ஹைட்ரஜன்!" என்று முதலில் கத்தியது பாஸிலியோ. பிறகு தெரு முழுக்கக் கத்தியது. ஹைட்ரஜன்! ஹீலியம்! லித்தியம்! மறுபடி முதலிலிருந்து, எல்லோரும், அட்டவணையைப் பார்க்காமலே. எனக்கு நாள்பட்ட காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அழுதுவிட்டேன் தம்பி. அந்த இரண்டாவது சுற்றில் சோடியத்தில் செத்தேன். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சோடியத்தை யாரால் தாண்ட முடியும்?

ஓர்லே வேறொரு நாற்காலிமேல் ஏறி நின்றார். "இந்த ஒல்லியனை இனிமே நான் அழிச்சா, இந்தத் தெரு என்னை அழிச்சிடும். தொகுப்பு இருக்கிறவரைக்கும் இவன் இருப்பான்!" என்றார். என்னைத் தூக்கினார்கள். நாற்பத்தாறு வயதில், செருப்பு ஒரு பக்கம் போக, என்னைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள். "வாத்தியாரம்மா! வாத்தியாரம்மா!" என்று கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

கணினியை விற்கும் பேச்சை இனி எடுக்காதே. அடுத்த விளையாட்டைச் செய். வேகமாகச் செய்.

கட்டிப்பிடித்து முத்தமிடும்,
உன் அக்கா ஒனெய்டா